தகடூருக்குக் கரும்பு தந்தவர்கள்: நம்ம வயலில் எது எங்கிருந்து வந்தது?

அரூர் டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பள்ளிக் கண்காட்சியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் "நம் மண்ணின் பயிர்கள்" என்று ஒரு மேசை வைக்கிறார்கள். ஆளுக்கொன்று வீட்டிலிருந்து எடுத்து வரச் சொன்னேன். ராகி, சாமை, கொள்ளு, கல்லக்கா (நிலக்கடலை), மரவள்ளிக் கிழங்கு, தக்காளி, வரமிளகாய், ஒரு உருண்டை புளி, ஒரு மாங்கன்று, ஒரு துண்டுக் கரும்பு என்று மேசை நிறைந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், இதெல்லாம் நம்ம ஊர்லயே தானா முளைச்சதா, யாராச்சும் கொண்டாந்ததா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அரைகுறையாகச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்ப மனசு வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தளி மேட்டுநிலம்

டீச்சர், சுலபம். ராகி, சாமை, கொள்ளு, புளி, மா. இந்த அஞ்சும் நம்முடையது. மீதி எல்லாம் வெள்ளைக்காரன் கப்பலில் வந்தது. மேசையை இரண்டாகப் பிரித்து வையுங்கள்.

ஊத்தங்கரைத் தமிழ்

கரும்பை அவ்வளவு சீக்கிரம் கப்பலில் ஏற்ற வேண்டாம். அதுக்கு நம் தகடூரிலேயே, அதாவது இன்றைய தருமபுரியிலேயே சாட்சி இருக்கிறது.

புறநானூற்றில் 99-ஆம் பாட்டு. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடியது. அவன் முன்னோரைப் புகழ்கிற இடத்தில், தேவர்களை வழிபட்டார்கள், வேள்வி செய்தார்கள் என்று சொல்லி, அடுத்த வரியில் "அரும்பெறல் மரபின் கரும்பு இவண் தந்தும்" என்கிறார். பெறுவதற்கு அரிய கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று பொருள். போரில் வென்றதைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்கிறார். ஒரு புதுப் பயிரை ஊருக்குக் கொண்டுவருவது பாட்டில் வைத்துப் பாடுகிற அளவுக்குப் பெரிய காரியமாக இருந்திருக்கிறது. கரும்பு வெளியிலிருந்து வந்தது என்பது மறந்துபோகாமலும் இருந்திருக்கிறது. இந்த வரியை அந்தப் பையனுக்குக் கட்டாயம் சொல்லுங்கள் டீச்சர், அவன் கேட்ட கேள்விக்கு ஔவையார் ஏற்கெனவே பதில் எழுதி வைத்திருக்கிறார்.

இன்னொன்று, பெயரைப் பிரித்துப் பார்த்தாலே பாதி தெரியும். மிளகாய் என்பது மிளகு போலக் காரமான காய். மிளகு பழசு, மிளகாய் அதுக்குப் பிறகு வந்தது. மரவள்ளி, மரம் மாதிரி நிற்கிற வள்ளி. வள்ளிக்கிழங்கு முன்னாடியே இருந்ததால்தான் புதுசுக்கு அந்தப் பெயர் ஒட்டியது. கல்லக்காயைக் கிழக்கே போனால் மணிலாக்கொட்டை என்பார்கள், பிலிப்பைன்ஸ் தலைநகர் பெயர் அது. தக்காளிதான் விசேஷம். வரப்பில் உறை போட்டுக் காய்க்கிற சொடக்குத் தக்காளி, வீட்டோரம் கறுப்பாகப் பழுக்கிற மணத்தக்காளி, இவைதான் பழைய தக்காளிகள். சிவப்பு வந்தபோது அதைச் சீமைத் தக்காளி என்றார்கள். இப்போது சீமைத் தக்காளி வெறும் தக்காளியாகிவிட்டது, பழையதுக்கு அடைமொழி வந்துவிட்டது.

விதைப்பெட்டி

காவேரிப்பட்டணம் பக்கம் நான். பயிர்ப் பெருக்கம் படித்தேன், இப்போதும் விதை சம்பந்தமான வேலைதான். தளி அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது, அவர் சொன்ன அஞ்சில் இரண்டு நம் ஊரில் பிறந்தவை இல்லை.

சாமை நம் நாட்டில்தான் பயிரானது. கொள்ளும் அப்படியே. மாவின் சொந்த வீடு இந்தியாவின் வடகிழக்கும் பர்மா எல்லையும் சேர்ந்த பகுதி, அதனால் நம்முடையது என்று சொல்லலாம். ஆனால் ராகி கிழக்கு ஆப்பிரிக்காவில், எத்தியோப்பியா, உகாண்டா மேட்டு நிலங்களில் பயிரானது. புளியமரமும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். அதன் அரபுப் பெயர் "தமர் ஹிந்தி", அதாவது இந்தியப் பேரீச்சை. அதை வைத்து அறிவியல் பெயரிலும் "இண்டிகா" என்று சேர்த்துவிட்டார்கள். பெயர் சில நேரம் இப்படி ஏமாற்றவும் செய்யும்.

மற்றவை இப்படி: கல்லக்கா தென்னமெரிக்கா, பொலிவியா தெற்கும் அர்ஜென்டினா வடக்கும் சேருகிற இடம். மரவள்ளி பிரேசில் பக்கத்து அமேசான் ஓரம். தக்காளியின் காட்டு உறவுகள் பெரு, எக்வடோர் மலைகளில். அது பெரிய காயாகப் பயிரானது மெக்சிகோவில். மிளகாயும் மெக்சிகோ. கரும்பின் மூலம் நியூ கினித் தீவு.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று பிள்ளைகள் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ரஷ்யாவில் நிகோலாய் வாவிலோவ் என்று ஒருவர். ஊர் ஊராகப் போய் விதை சேர்த்தார், 1920-களில் ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா எல்லாம் சுற்றினார். ஒரு பயிரில் எந்த இடத்தில் அதிக வகை இருக்கிறதோ, அதன் காட்டு உறவு எங்கே பக்கத்திலேயே வளர்கிறதோ, அங்கேதான் அதன் பிறப்பிடத்தைத் தேட வேண்டும் என்றார். பின்னால் சில இடங்களில் திருத்த வேண்டி வந்தது, ஆனாலும் வழி காட்டியது அதுதான். இப்போது அதோடு மண்ணில் தோண்டி எடுத்த கருகின தானியமும் மரபணுச் சோதனையும் சேர்ந்திருக்கின்றன. அந்த மனிதர் 1943-இல் சொந்த நாட்டுச் சிறையில் பட்டினியில் செத்தார். இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராட் நகரம் முற்றுகையில் இருந்தபோது அவருடைய விதை நிலையத்தில் வேலை பார்த்தவர்களில் சிலர், கைக்கெட்டின தூரத்தில் அரிசியும் கடலையும் மூட்டையாக இருந்தும் அதைத் தின்னாமல் பசியில் இறந்தார்கள். விதை நெல்லைக் குத்தித் தின்னக் கூடாது என்று நம் பாட்டிமார் சொல்வது எனக்கு எப்போதும் இவர்களோடு சேர்ந்துதான் ஞாபகம் வரும்.

தளி மேட்டுநிலம்

படித்தேன். கோபம் இல்லை தம்பி, வருத்தம்தான். எங்கள் பாட்டி ராகியை லட்சுமி என்று சொல்வாள், களி கிண்டிய சட்டியைக்கூடக் காலில் படாமல் வைப்பாள். அது ஆப்பிரிக்காவுது என்றால் மனசு ஏற்கவில்லை.

பாட்டி விதை எடுப்பதைச் சொல்கிறேன். அறுப்புக்கு நாலு நாள் முன்னால் விடியற்காலையில் தனியாக வயலுக்குப் போவாள். வரப்போரத்துச் செடியைத் தொடமாட்டாள், அதுக்கு வெயிலும் எருவும் கூடக் கிடைத்திருக்கும், அது செடியின் யோக்கியதை இல்லை என்பாள். வயல் நடுவில் போய், விரல் எல்லாம் உள்பக்கம் மடங்கி மூடின கை மாதிரி இருக்கிற கதிர், தாள் சாயாதது, இலையில் புள்ளி இல்லாதது, இதை மட்டும் பார்த்து ஒடித்து மடியில் கட்டுவாள். அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவாள். புகை பட்டுப் பட்டுக் கருத்துப்போய் இருக்கும், ஒரு பூச்சி வராது. அடுத்த வருசம் அதுதான் நாற்றங்காலுக்கு. அவள் மாமியார் கொடுத்த விதை அது, அந்த அம்மாவுக்கு அவங்க மாமியார். இதுக்கு மேலயும் அது எங்களுது இல்லையா?

அரூர் டீச்சர்

அண்ணா, இதை அப்படியே எழுதி மேசையில் வைக்க அனுமதி கொடுங்கள்.

விதைப்பெட்டி

அண்ணா, பயிர்ப் பெருக்கத்தில் எங்களுக்கு நடத்தின முதல் பாடத்தைத்தான் உங்கள் பாட்டி செய்திருக்கிறார். வரப்போரத்தை விட்டாரே, அதை நாங்கள் ஒரு பருவம் முழுக்கப் படித்தோம். செடி நன்றாக இருப்பது அதன் பரம்பரையாலா, நின்ற இடத்தாலா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் தேர்வு பலிக்கும். 1903-இல் டென்மார்க்கில் யோஹான்சன் என்பவர் பீன்ஸ் விதையை வைத்து இதையே காட்டினார். பல பரம்பரை கலந்து கிடக்கிற விதையில் பெரியதைப் பொறுக்கினால் அடுத்த தலைமுறை பெரிதாகும். ஒரே செடியின் வாரிசுகளுக்குள் பொறுக்கினால் ஒன்றும் மாறாது, அங்கே இருக்கிற வித்தியாசம் மண்ணும் நீரும் கொடுத்தது.

கூட்டாகப் பொறுக்கி எடுத்துக் கலந்து விதைப்பது ஒரு முறை. நம் பக்கம் எல்லாரும் போட்ட டி.எம்.வி. 2 கல்லக்கா அப்படி வந்ததுதான், குடியாத்தம் பக்கத்துக் கொத்துக் கடலையிலிருந்து பொறுக்கித் திண்டிவனம் வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1940-இல் வெளியிட்டது. டி.எம்.வி. என்பதே திண்டிவனம்தான்.

பொறுக்குவதற்கு ஒரு எல்லை உண்டு. இருக்கிறதுக்குள்தான் பொறுக்க முடியும். கதிரைத் தாக்குகிற குலைநோயைத் தாங்கும் குணம் உங்கள் விதைக்குள் இல்லவே இல்லை என்றால், நூறு வருசம் பொறுக்கினாலும் வராது. அப்போது வேறிடத்திலிருந்து வாங்கி இணைக்க வேண்டும். ராகியில் அது லேசான வேலை இல்லை. பூ அவ்வளவு பொடிசு, நடுராத்திரிக்கு மேல் ஒரு மணியிலிருந்து விடியும் வரைக்குள் விரியும், விரியும்போதே தன் மகரந்தத்தைத் தானே போட்டுக்கொள்ளும். கத்தரிக்காய்ப் பூ மாதிரி இடுக்கி வைத்துப் பிரிக்க முடியாது. அதனால் என்ன செய்வார்கள் என்றால், பச்சைத் தண்டுச் செடியின் கதிரையும் கணுவில் ஊதா ஓடுகிற செடியின் கதிரையும் பூக்கிற நேரத்தில் சேர்த்துக் கட்டி உறை மாட்டிவிடுவார்கள். பச்சைக் கதிரில் விளைந்த விதையை விதைத்தால் ஏறக்குறைய எல்லாம் பச்சையாகவே வரும். நூற்றில் ஒன்றோ இரண்டோ ஊதாக் கணுவோடு எழும்பும். அதுதான் கலப்பு. ஊதா ஓங்கு குணம், அதாவது கலப்பில் மறையாமல் வெளியே தெரிகிற குணம் என்பதால் அதைக் கண்ணால் பிடித்துவிடலாம்.

கர்நாடகத்தில் மண்டியாவில் லட்சுமணையா என்பவர் இந்த வேலையைப் பொறுமையாகச் செய்து, நம் நாட்டு ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் இணைத்தார். "இண்டாப்" என்று ரகங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தியா, ஆப்பிரிக்கா இரண்டின் முதல் எழுத்துகள்தான் அந்தப் பெயர். ஓசூர் வட்டாரத்தில் போடுகிற ஜி.பி.யூ. 28-இன் பரம்பரையிலும் இண்டாப் ரகங்கள் இருக்கின்றன, குலைநோயைத் தாங்குகிறது என்றுதான் அதை எல்லாரும் விரும்புகிறார்கள். பல ஆயிரம் வருசம் முன்னால் கடல் தாண்டிப் பிரிந்த இரண்டு சொந்தம் மண்டியாவில் மறுபடி கலந்தது, அதன் விளைச்சல் உங்கள் களத்தில் கிடக்கிறது அண்ணா.

ராயக்கோட்டைத் தக்காளி

இவ்வளவு தெரிந்தவர் இருக்கிறீர்கள், என் சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன். நாங்கள் ஒன்றரை ஏக்கரில் வருசம் முழுக்கத் தக்காளிதான். விதை விலை தாங்கவில்லை என்று போன முறை நல்ல பழமாகப் பார்த்து நானே விதை எடுத்துப் போட்டேன். அய்யோ, அந்த வயலைப் பார்க்கணுமே. ஒரு செடி இடுப்பளவு, பக்கத்துச் செடி முழங்கால் அளவு. ஒன்று உருண்டை, ஒன்று நீளம், ஒன்று தண்ணி மாதிரி. மண்டிக்குக் கொண்டுபோனால் கிரேடே இல்லை என்று ஓரமாக வைத்துவிட்டார்கள். கம்பெனிக்காரன் விதையில் மருந்து கலந்து இப்படிப் பண்ணிவிடுகிறான் என்று எங்கள் தெருவில் சொல்கிறார்கள். உண்மையா?

எனக்கு அதில் ஒரு குழப்பம், ஏனென்றால் கல்யாணத்துக்கு முன்னால் நானே தக்காளி கிராசிங் வேலைக்குப் போயிருக்கிறேன். சாயங்காலம் நாளைக்கு விரியப்போகிற மொட்டாகப் பார்த்து இடுக்கியால் நடுவில் இருக்கிற மஞ்சள் கூம்பை மட்டும் உருவ வேண்டும். மகரந்தம் வாங்குகிற சூல்முடி ஒடிந்தால் அந்தப் பூ வீண். மறுநாள் காலையில் ஆண் செடியிலிருந்து சலித்து எடுத்த மகரந்தப் பொடியில் சூல்முடியைத் தொட்டு எடுக்க வேண்டும். தொட்டதுக்கு அடையாளமாகப் பூவின் அடியில் இருக்கிற பச்சை இதழில் இரண்டைக் கிள்ளிவிடுவோம். பழுத்த பிறகு காம்பைப் பார்த்து, கிள்ளினது இருந்தால்தான் விதைக்கு எடுப்பார்கள். அங்கே மருந்து எதுவும் கலந்ததை நான் பார்க்கவில்லை.

விதைப்பெட்டி

அக்கா, நீங்கள் கண்ணால் பார்த்ததுதான் சரி. மருந்து இல்லை. உங்கள் வயலில் நடந்தது மெண்டல் என்ற ஆராய்ச்சியாளர் பட்டாணிச் செடியில் பார்த்தது.

அப்பா செடி ஒரு மாதிரி, அம்மா செடி ஒரு மாதிரி, ரெண்டும் தனித்தனியே நிலைத்த பரம்பரை. சேர்த்தால் முதல் தலைமுறை முழுக்க அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும், வீரியமும் கூடும். அதைத்தான் வீரிய ஒட்டு என்று பாக்கெட்டில் விற்கிறார்கள். அந்தச் செடியிலிருந்து விதை எடுத்தால் இரண்டாம் தலைமுறையில் சேர்ந்ததெல்லாம் பிரிய ஆரம்பிக்கும். ஒரு குணத்தை மட்டும் பார்த்தால் நாலில் மூன்று பங்கு ஒரு மாதிரி, ஒரு பங்கு மறைந்திருந்த மாதிரி. 1866-இல் மெண்டல் அச்சில் போட்ட கணக்கு இது, 1900 வரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தக்காளியில் உயரம், உருவம், தோல் தடிமன், நோய் தாங்குவது என்று பல குணம் ஒரே நேரத்தில் பிரிவதால் செடிக்குச் செடி வேறாகத் தெரிகிறது.

விதை எடுத்து வைக்க வேண்டுமென்றால் ரகம் போடுங்கள், வீரிய ஒட்டு வேண்டாம். பி.கே.எம். 1 பெரியகுளத்தில் வந்தது, அண்ணஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து கதிர்வீச்சு மூலம் மாற்றி எடுத்தது. நம் பையூர் நிலையத்திலிருந்து பையூர் 1 தக்காளி இருக்கிறது. இவை தன் மகரந்தத்தில் தானே காய்ப்பவை, விதை மாறாது. பையூர் 2 கொள்ளும் கோ 1 கொள்ளில் கதிர்வீச்சு காட்டிப் பொறுக்கினதுதான். ஒளிக்காமல் சொல்கிறேன், வீரிய ஒட்டு கொடுக்கிற காய் எண்ணிக்கையும் லாரியில் பெங்களூரு, சென்னை வரை தாங்குகிற தோலும் இவற்றில் வராது. நீங்கள் எந்த மண்டிக்குப் போகிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கலந்து நின்ற அந்த வயலை வீண் என்று நினைக்காதீர்கள். அதில் பிடித்த செடி ஒன்று இரண்டைக் குறித்து, அதன் விதையைத் தனியாகப் போட்டு, மறுபடி அதில் பொறுக்கி, இப்படி ஆறு ஏழு தலைமுறை போனால் ஒரு நிலைத்த ரகம் கையில் வந்துவிடும். நிலையங்களிலும் இதே வேலைதான் நடக்கிறது.

பாப்பிரெட்டிப்பட்டி

வீரிய ஒட்டு என்றால் மரபணு மாற்றுதானே? அதைச் சாப்பிடலாமா?

விதைப்பெட்டி

இல்லை. ராயக்கோட்டை அக்கா சொன்னாரே, இடுக்கியும் பொடியும், அவ்வளவுதான் வீரிய ஒட்டு. மரபணு மாற்று என்பது ஆய்வகத்தில் வேறு உயிரின் மரபணுவைச் செடிக்குள் செலுத்துவது. 2002-இல் அனுமதி கிடைத்த பி.டி. பருத்தி அந்த வகை. நம் ஊர் மண்டித் தக்காளி அந்த வகை இல்லை.

சந்தூர் மாங்கன்று

டீச்சர் மேசையில் மாங்கன்று இருப்பதால் எங்கள் தொழிலையும் ஒரு வார்த்தை. மாங்கொட்டையைப் போட்டால் முளைக்கும், ஆனால் தாய் மாதிரி காய்க்காது. பெங்களூரா கொட்டை போட்டு பெங்களூரா வராது. பூவுக்கு வந்த மகரந்தம் எந்த மரத்துது என்று யாருக்குத் தெரியும். அதனால்தான் நாட்டு மாங்கொட்டையில் வேர்ச்செடி எழுப்பி, தாய்மரத்துக் குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் செருகிக் கட்டுகிறோம். பட்டையும் பட்டையும் சரியாகப் பொருந்த வேண்டும், ஒரு நூல் விலகினாலும் குச்சி காய்ந்துவிடும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நிற்கிற அத்தனை பெங்களூரா மரமும் என்றைக்கோ ஒருத்தர் கண்டுபிடித்த ஒரே மரத்தின் குச்சிகள். ஒரே மரம் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நிற்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

விதைப்பெட்டி

அண்ணன் சொல்வது ரொம்ப முக்கியம், அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஒரே மரம் என்றால் அதுக்கு ஆகாத நோய் ஒன்று வந்தால் எல்லா மரத்துக்கும் ஆகாது. மாவிலும் இணைத்துப் புது ரகம் எடுத்திருக்கிறார்கள். நம் நீலமும் வடக்கத்தி தசேரியும் சேர்ந்ததுதான் மல்லிகா.

கல்லக்காய்க்கும் இதே பலவீனம். இரண்டு காட்டுச் செடிகள் எப்போதோ ஒருமுறை தற்செயலாகக் கலந்து, குரோமோசோம் (மரபணுக்கள் அடங்கிய இழை) இரட்டித்து 40 ஆகிப் பிறந்த பயிர் அது. அந்த ஒரு கலப்பின் வாரிசுகள்தான் உலகம் முழுக்க. அதனால் டிக்கா இலைப்புள்ளி, துரு நோய்க்குத் தாங்கும் குணம் பயிருக்குள் கிடைக்காமல், தென்னமெரிக்கக் காட்டுக் கடலையிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. தார்வாட்டில் வந்த ஜி.பி.பி.டி. 4 ரகத்தில் அந்தக் காட்டு ரத்தம் இருக்கிறது.

பாப்பிரெட்டிப்பட்டி

மரவள்ளியைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் பக்கம் அதுதான் சோறு போடுகிறது. சேகோ ஆலைக்குப் போகிற கிழங்கு. நாங்களும் குச்சிதான் நடுகிறோம், அப்போ மாங்கன்று கதைதானா? மாவுப்பூச்சி வந்து நுனி எல்லாம் சுருண்டு முடிச்சுப் போட்ட மாதிரி ஆன வருசம், எதை அடித்தும் அடங்கவில்லை. கடையில் ஒன்றுக்கு மூன்று மருந்து கொடுத்தார்கள், காசு போனதுதான் மிச்சம்.

விதைப்பெட்டி

அதே கதைதான். குச்சி நட்டால் தாயின் நகல், தாயிடம் இருந்த தேமல் நோயும் (இலையில் மஞ்சள் திட்டு விழுகிறது) குச்சியோடு கூடவே வரும். தேமல் இல்லாத செடியில் குச்சி எடுங்கள் என்று சொல்வது அதனால்தான்.

மாவுப்பூச்சி விஷயம்தான் இந்தப் பேச்சு முழுக்க எதுக்கு என்பதைக் காட்டும். மரவள்ளியைத் தாக்குகிற அந்த மாவுப்பூச்சியின் ஊரும் தென்னமெரிக்காதான். 1970-களில் அது ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து மரவள்ளியை நம்பி இருந்த நாடுகளைப் பட்டினிப் பயத்தில் தள்ளியது. ஆட்கள் மரவள்ளியின் தாய்நாட்டுப் பக்கம் தேடிப் போனார்கள். 1981-இல் பராகுவேயில் பூச்சியும் கிடைத்தது, அதன் எதிரியும் கிடைத்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குளவி, அனகைரஸ் லோபேசி. மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கும், அதில் பொரிகிற புழு மாவுப்பூச்சியை உள்ளேயிருந்து தின்னும். இங்கே 2020-இல் அந்த மாவுப்பூச்சி கேரளத்தில் தெரிந்தது, அப்புறம் நம் பக்கம் வந்தது. பெனின் நாட்டிலிருந்து அதே குளவியைத் தருவித்து, பெங்களூருவில் வளர்த்து, 2022-இல் சேலம் பக்கம் விடத் தொடங்கினார்கள். பூச்சி மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான் அண்ணா, அடுத்த முறை கடைக்குப் போகும்முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பயிர் பிறந்த ஊர் தெரிந்திருந்தால் நோய் வரும்போது எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று தெரியும். தக்காளி இலைச்சுருட்டைக்குத் தாங்குகிற குணத்தை வாங்கினதும் தென்னமெரிக்க மலைகளில் வளரும் காட்டுத் தக்காளிகளிடம்தான்.

ஊத்தங்கரைத் தமிழ்

கரும்பு மட்டும் விட்டுப்போய்விட்டது. அதியன் முன்னோர் கொண்டுவந்த கரும்பு என்ன ஆனது?

விதைப்பெட்டி

அதுவும் நல்ல கதை. 1912-இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். அங்கே பார்பர், வெங்கட்ராமன் என்ற ஆராய்ச்சியாளர்கள் "வெள்ளை" என்ற தடித்த கரும்பையும் கோவைப் பக்கம் தானாக வளர்ந்து கிடந்த நாணலையும் இணைத்தார்கள். இனிப்பு கரும்பிலிருந்து, வறட்சியும் நோயும் தாங்குகிற உடம்பு நாணலிலிருந்து. 1918-இல் கோ 205 வந்தது. இன்றைக்குப் பாலக்கோட்டு ஆலைக்குப் போகிற கரும்பு வரை நாணல் ரத்தம் ஓடுகிறது. மூலம் நியூ கினி, பாதித் துணை நம் ஓடைக்கரை.

தளி மேட்டுநிலம்

டீச்சர், நான் மேசையை இரண்டாகப் பிரிக்கச் சொன்னதை விட்டுவிடுங்கள். பாட்டி விதையில் கொஞ்சம் இன்னும் என் தம்பி வீட்டில் இருக்கிறது. கதிரோடு வேண்டுமா, உதிர்த்துக் கொண்டுவரட்டுமா?

அரூர் டீச்சர்

கதிரோடு கொண்டுவாருங்கள் அண்ணா, புகைக் கருப்பைத் துடைக்க வேண்டாம். மேசைக்குப் பின்னால் சுவரில் உலகப் படம் ஒட்டிவிட்டோம், ஒவ்வொரு பயிரிலிருந்தும் அது பிறந்த இடத்துக்கு ஒரு சிவப்பு நூல். ராகிக்கு எத்தியோப்பியா வரை ஒரு நூல் இழுத்த பையனிடம், அங்கிருந்து உங்கள் ஊர் தளி வரை இன்னொரு நூல் இழுக்கச் சொல்லியிருக்கிறேன். ராயக்கோட்டை அக்கா, அந்தக் கலந்த வயலின் தக்காளி விதை ஒரு கைப்பிடி இருந்தால் கொடுங்கள். தட்டில் நாற்றுவிட்டு, நட்டு, எத்தனை உயரம் எத்தனை குட்டை என்று பிள்ளைகளே எண்ணட்டும்.

ராயக்கோட்டைத் தக்காளி

ஒரு கைப்பிடி என்ன, ஒரு டப்பா இருக்கிறது. திங்கட்கிழமை அரூர் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். எண்ணி முடித்ததும் கணக்கை இங்கே போடுங்கள் டீச்சர், நானும் இந்த முறை ஒரு பாத்தியில் அதையே விட்டு எண்ணப் போகிறேன்.